மராகேஷ்: மதிலுக்கு வெளியே இருக்கும் பாதி நகரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம போகப்போற ஊர் மராகேஷ். வட ஆப்பிரிக்காவுல, மொராக்கோ நாட்டுல இருக்கு. இந்தப் பேரைக் கேட்டதும் சிவப்புச் சுவர், விளக்குக் கடைகள், மசாலாக் குவியல், மொட்டை மாடியில புதினா டீ குடிக்கிற ரீல்ஸ் எல்லாம் ஞாபகம் வரும். அது எல்லாமே அங்க நிஜமாவே இருக்கு. அதைக் குறை சொல்ல நான் வரல.

ஆனா அந்த ஊரோட வரலாற்றை மதிலுக்குள்ள மட்டும் நின்னு பார்த்தா பாதிதான் புரியும். ஏன்னா அந்த ஊருக்குத் தண்ணி வெளியில இருந்து வந்தது. அதை ஆண்டவங்க வெளியில இருந்து வந்தாங்க. 2023 பூகம்பத்துல அதிக விலை கொடுத்தவங்களும் வெளியில இருந்தவங்கதான். அதனால இந்த எபிசோட்ல நகரத்தையும், அதைச் சுத்தி இருக்குற ஹவூஸ் சமவெளியையும், அதுக்கு மேல நிக்கிற ஹை அட்லஸ் மலையையும் ஒண்ணாச் சேர்த்துப் பார்க்கப்போறோம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன தகவல். ‘மொராக்கோ’ங்கிற பேரே ‘மராகேஷ்’ல இருந்து வந்ததுதான். ஐரோப்பியர்கள் தலைநகரோட பேரை நாட்டுக்கே வெச்சுட்டாங்க. பாரசீக மொழியில இன்னைக்கும் மொராக்கோ நாட்டுக்குப் பேரு ‘மராகேஷ்’தான். அவ்வளவு பெரிய ஊரு, ஆரம்பிச்சது ஒரு வெறும் பொட்டல்ல.

தண்ணி இல்லாத இடத்துல தலைநகர்

வருஷம் சுமார் 1070. சஹாரா பாலைவனத்துல இருந்து ஒரு கூட்டம் வடக்கே வந்துட்டு இருக்கு. இவங்க அமாசிக் மக்கள், சன்ஹாஜா இனக்குழு. அமாசிக்னா, பெர்பர்னு வெளியாட்கள் கூப்பிடுற அந்தப் பகுதியோட பூர்வகுடிகள். இவங்க உருவாக்கின அரசைத்தான் வரலாற்றுல அல்மொராவித்னு சொல்றோம்.

அவங்க இந்தப் பக்கம் வந்து பிடிச்ச ஊரு அக்மாத். இப்போதைய மராகேஷ்ல இருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர், மலை அடிவாரம். ஊரிக்கா ஆறு பக்கத்துலயே ஓடுது. தோட்டம், சந்தை, எல்லாம் இருக்கு. பிரச்சினை என்னன்னா, ஊரு ஏற்கெனவே நிரம்பி வழியுது. பாலைவனத்துல இருந்து ஒட்டகத்தோட வந்த ஒரு பெரிய படைக்கு அங்க இடம் இல்ல.

அதனால அவங்க தலைவர் அபூ பக்கர் இப்னு உமர் சமவெளியில ஒரு திறந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல்ல கூடாரங்கள், அப்புறம் கல்லுல ஒரு கோட்டை. கொஞ்ச நாள்ல தெற்கே கலகம்னு செய்தி வர, பொறுப்பைத் தன் உறவினர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன்கிட்ட விட்டுட்டு அவர் பாலைவனத்துக்குத் திரும்பிட்டார். யூசுஃப் அந்தக் கூடார ஊரை ஒரு பேரரசோட தலைநகரா மாத்தினார். ஸ்பெயினோட தென்பாதி வரைக்கும் போன பேரரசு அது.

இடம் ராணுவத்துக்கு அருமையான இடம்தான். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும், ஒட்டகம் மேய்க்கலாம். ஆனா வருஷத்துக்கு 200-லிருந்து 250 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். ஒரு லட்சியத்தோட ஊரை ஆரம்பிச்சுட்டாங்க. தண்ணிக்கு என்ன பண்றது?

ஒரு இன்ஜினியரோட பேரு வரலாற்றுல நிக்கிற கதை

இந்த இடத்துல வர்றார் நம்ம ஆளு. பேரு உபைதுல்லாஹ் இப்னு யூனுஸ். அவருக்கு இன்னொரு பேரு ‘அல் முஹந்திஸ்’. அரபியில முஹந்திஸ்னா இன்ஜினியர். ராஜா, தளபதி, மதகுரு பேரெல்லாம் வரலாற்றுல நிக்கும். ஒரு இன்ஜினியர் பேரு 900 வருஷமா நிக்கிறது அபூர்வம், அதனால எனக்கு இவர் மேல ஒரு தனிப் பாசம்.

இவரைப் பத்தி எழுதினவர் புவியியலாளர் அல் இத்ரீஸி. சிசிலி ராஜா இரண்டாம் ரோஜருக்காக 1154-ல அவர் முடிச்ச புத்தகத்துல இந்தக் கதை வருது. மராகேஷ் புது ஊரா இருந்தப்போ அங்க ஒரே ஒரு தோட்டம்தான் இருந்துச்சாம். இப்னு யூனுஸ் அந்தத் தோட்டத்துக்கு மேட்டுப்பக்கமாப் போய், அகலமா ஒரு கிணறு தோண்டினார். அங்கிருந்து தோட்டம் வரைக்கும் நிலத்துக்கு அடியில மெல்ல சரியுற ஒரு கால்வாய் வெட்டினார். தண்ணி தானாவே வந்து தோட்டத்துல மேல எட்டிப் பார்த்துச்சு. ஏத்தம் இல்ல, மாடு இல்ல, சக்கரம் இல்ல. அமீர் சந்தோஷப்பட்டுப் பரிசு கொடுத்தார். மத்தவங்களும் அதே மாதிரி வெட்ட ஆரம்பிக்க, ஊரைச் சுத்தித் தோட்டம் பெருகிச்சு.

இந்த அமைப்புக்குப் பேரு கெத்தாரா. ஈரான்ல இதே ஐடியாவுக்கு கனாத்னு பேரு, அல்ஜீரியாவுல ஃபொக்காரா. இப்னு யூனுஸ் கண்டுபிடிச்சது இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே உலகத்துல இருந்த தொழில்நுட்பம். அதை மராகேஷ்ல பெரிய அளவுல ஓட வெச்ச பெருமை இவரோடது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்பர் எல்லாம் புரியுறதுக்காக நானே வெச்சுக்கிறது. மலையில இருந்து சமவெளியை நோக்கி நிலம் ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. மேட்டுல ஒரு தாய்க்கிணறு தோண்டுறீங்க, 24 மீட்டர் ஆழத்துல தண்ணி. அங்க இருந்து ஒரு சுரங்கம் வெட்டுறீங்க, ஆனா அது ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர்தான் இறங்குது. அப்போ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிலம் சுரங்கத்தை நோக்கி 8 மீட்டர் நெருங்கி வருது. மூணாவது கிலோமீட்டர்ல 24 மீட்டர் தீர்ந்துடும். தண்ணி வெளியில ஓடும். தண்ணி மேல ஏறவே இல்ல, நிலம்தான் அதுகிட்ட இறங்கி வந்துச்சு.

பேப்பர்ல சுலபம். ஆனா சுரங்கச் சரிவு கொஞ்சம் கூடினா தண்ணி வேகமா ஓடி மண் சுவரை அரிச்சுடும். கொஞ்சம் குறைஞ்சா வண்டல் தங்கி அடைச்சுக்கும். வழி நெடுக, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு செங்குத்துக் குழி வெட்டணும். மண்ணை வெளியேத்த, காத்து வர, அப்புறம் வருஷா வருஷம் ஆள் இறங்கித் தூர் வார. இந்தக் குழிகளைச் சுத்திக் கொட்டின மண், வரிசையா எறும்புப் புத்து மாதிரி நிக்கும். வேலை செஞ்சவங்க இருட்டுல, ஈர மண்ணுக்கு அடியில, எப்ப வேணா சரியுற சுரங்கத்துல வேலை செஞ்சாங்க. இன்ஜினியர் பேரு நின்னுச்சு. தூர் வாரினவங்க ஒருத்தர் பேரும் நிக்கல.

ஊருக்குள்ள தண்ணியைத் தேடி

இப்போ நீங்க மராகேஷ் போறீங்கன்னா, இந்தத் தண்ணிக் கதையை மனசுல வெச்சுட்டு பழைய நகரத்துக்குள்ள நடங்க. எல்லாமே வேற மாதிரி தெரியும்.

முதல்ல அல்மொராவித் குப்பா. பென் யூசுஃப் பள்ளிவாசல் பக்கத்துல இருக்குற ஒரு சின்னக் குவிமாடம். பலர் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க. நகரத்துல அல்மொராவித் காலத்துல இருந்து முழுசாத் தப்பிச்ச கட்டடம் இது ஒண்ணுதான். அது என்ன கட்டடம் தெரியுமா? தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற இடம். ஒரு பேரரசு விட்டுட்டுப் போனது ஒரு தண்ணிக் கட்டடம்.

அப்புறம் மதில். சுல்தான் அலி இப்னு யூசுஃப் 1120-கள்ல கட்டினது. கல் இல்ல, செங்கல் இல்ல, பெரும்பாலும் இடிச்சுக் கெட்டிப்படுத்தின மண். ரெண்டு பக்கமும் பலகை வெச்சு, நடுவுல ஈர மண் போட்டு, அடி அடினு அடிச்சு எழுப்புறது. அந்தப் புகழ்பெற்ற சிவப்பு ஹவூஸ் சமவெளி மண்ணோட நிறம்.

மெனாரா தோட்டத்துக்கும் அக்தால் தோட்டத்துக்கும் போங்க. ரெண்டும் 12-ஆம் நூற்றாண்டு. மெனாராவுல நடுவுல ஒரு ஏரி அளவு தொட்டி, பின்னாடி பனி மூடின அட்லஸ். போஸ்ட்கார்டு காட்சி. ஆனா அந்தத் தொட்டி அழகுக்காக மட்டும் கட்டினது இல்ல. மலைப்பக்கத்துல இருந்து வர்ற தண்ணியைச் சேமிச்சு ஆலிவ் மரங்களுக்கு விடுறதுக்கான தேக்கம். அக்தாலுக்கு ஊரிக்கா பள்ளத்தாக்குல இருந்து திறந்த வாய்க்கால் வழியா தண்ணி வந்தது. இந்த வாய்க்காலுக்கு அங்க செகியானு பேரு. 1985-ல யுனெஸ்கோ மராகேஷை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, பழைய நகரத்தோட இந்த ரெண்டு தோட்டத்தையும் சேர்த்தேதான் சேர்த்தாங்க.

கடைசியா சாயங்காலம் ஜெமா எல் ஃப்னா மைதானம். அங்க சிவப்பு உடை, பெரிய தொப்பி, பித்தளைக் கோப்பைகள் மாட்டிக்கிட்டு மணி அடிச்சுட்டு வர்றவங்களைப் பார்ப்பீங்க. அவங்க பேரு கெர்ராப், தண்ணி விக்கிறவங்க. ஒரு காலத்துல தாகத்துக்குத் தண்ணி கொடுத்தாங்க. இன்னைக்கு பெரும்பாலும் போட்டோவுக்கு நின்னு காசு வாங்குறாங்க.

மலையில இருந்து இறங்கின ராஜ்ஜியம்

இப்போ ஊரை விட்டு வெளியே போவோம். மராகேஷ்ல இருந்து தெற்கே, சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை. நஃபிஸ் ஆத்துப் பள்ளத்தாக்குல தின்மல்னு ஒரு சின்ன கிராமம். சுமார் 1124-ல அங்க வந்து தங்கினவர் இப்னு தூமர்த். மதச் சீர்திருத்தம் பேசினவர், அல்மொராவித்துகளோட ஆட்சியை வெளிப்படையா எதிர்த்தவர். மலையில இருந்த மஸ்மூதா குழுக்களை ஒண்ணு சேர்த்து ஒரு இயக்கம் கட்டினார். இதுதான் அல்மொஹாத். பேரு குழப்பும், தெரியும். அல்மொராவித் பாலைவனத்துல இருந்து வந்தவங்க, அல்மொஹாத் மலையில இருந்து வந்தவங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

அல்மொராவித்துகளோட பலம் சமவெளியில. மலை இடுக்குல அந்தப் பலம் செல்லுபடியாகல. அந்த மதிலைக் கட்டினதே இந்த மலை ஆபத்துக்குப் பயந்துதான். 1130-ல அல்மொஹாத் படை கீழே இறங்கி மராகேஷைத் தாக்கிச்சு. மதிலுக்கு வெளியே நடந்த அந்தச் சண்டையில மோசமாத் தோத்தாங்க. அந்தச் சண்டையோட பேரு அல் புஹைரா. பக்கத்துல இருந்த ஒரு பெரிய தோட்டத்தோட பேரு அது. அதே வருஷம் இப்னு தூமர்த் இறந்துட்டார். ஆனா 1147-ல அவரோட வாரிசு அப்துல் முஃமின், பல மாச முற்றுகைக்கு அப்புறம் நகரத்தைப் பிடிச்சார். இன்னைக்கு ஊரோட அடையாளமா நிக்கிற 77 மீட்டர் உயர குதுபிய்யா கோபுரம் இந்த மலைக்காரங்க கட்டினதுதான்.

துனிஸ்ல 1332-ல பிறந்த இப்னு கல்தூன் இந்த மாதிரி சம்பவங்களைப் பார்த்துத்தான் தன்னோட கோட்பாட்டை எழுதினார். கஷ்டமான நிலத்துல வாழுற குழுக்களுக்குள்ள ஒரு இறுக்கமான ஒற்றுமை இருக்கும். அவங்க நகரத்தைப் பிடிப்பாங்க. சில தலைமுறையில சொகுசு அந்த ஒற்றுமையைக் கரைச்சுடும். அடுத்த குழு வெளியில இருந்து வரும். அல்மொராவித், அல்மொஹாத், ரெண்டுக்கும் இது பொருந்துது. 16-ஆம் நூற்றாண்டுல தெற்கே இருந்து வந்து மராகேஷைத் தலைநகராக்கின சாதியன்களும் வெளியாட்கள்தான்.

எனக்கு இந்தக் கோட்பாட்டுல ஒரு விஷயம் விட்டுப்போன மாதிரி தோணுது. மலையில இருந்து வந்தவங்க நகரத்துக்குள்ள போனதும் மலைக்காரங்களாவே இருக்குறது இல்ல. அவங்களும் தோட்டம் போடுறாங்க. அந்தத் தோட்டத்துக்கு அதே பள்ளத்தாக்குல இருந்துதான் தண்ணி வேணும். வழியில இருக்குற விவசாயிக்கும் அதே தண்ணிதான். சமூகவியலாளர் பால் பாஸ்கோன் 1977-ல ஹவூஸ் பத்தி எழுதின பெரிய ஆய்வு நூல்ல இந்த இழுபறி விரிவா வருது. வாய்க்காலோட தலைமடையில இருக்குற குழுவுக்கு இயற்கையாவே ஒரு பிடி இருக்கு. கடைமடையில இருக்குற நகரம் தண்ணி வாங்கணும்னா அரசோட கை பலமா இருக்கணும்.

‘அக்தால்’னா உண்மையில என்ன?

அரச தோட்டத்துக்கு அக்தால்னு பேருன்னு சொன்னேன் இல்லையா? அது அரபி வார்த்தை இல்ல, அமாசிக் வார்த்தை. மலைக் கிராமங்கள்ல அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அங்க அதுக்கு அர்த்தம் வேற.

மராகேஷுக்குத் தெற்கே சுமார் 2,600 மீட்டர் உயரத்துல ஊக்காய்மெதன்னு ஒரு மேய்ச்சல் நிலம். குளிர்காலத்துல பனிச்சறுக்கு விளையாட டூரிஸ்ட் வர்ற இடம். அந்தப் புல்வெளி சுத்தி இருக்குற இனக்குழுக்களுக்குப் பொது. வழக்கப்படி மார்ச் 15-லிருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் யாரும் ஆடு மாடு ஓட்டக் கூடாது. புல் முளைச்சு, பூத்து, விதை விழுற வரைக்கும் நிலத்துக்கு லீவு. ஆகஸ்ட் 10 அன்னைக்குத் திறப்பாங்க. எல்லாரும் ஒரே நாள்ல மந்தையோட மேல போவாங்க. முந்திப் போனா அபராதம். இப்படி எல்லாரும் சேர்ந்து அடைச்சுக் காப்பாத்துற நிலத்துக்குத்தான் அக்தால்னு பேரு.

அதே வார்த்தையைச் சுல்தான் எடுத்து, மதில் கட்டி, தன்னோட தோட்டத்துக்கு வெச்சுக்கிட்டார். மலையில ‘எல்லாருக்காகவும் மூடி வெச்சது’. நகரத்துல ‘ஒருத்தருக்காக மூடி வெச்சது’. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இருந்த உறவை இந்த ஒரு வார்த்தையே சொல்லிடுது.

பம்ப் வந்த கதை

கெத்தாராவுக்கு ஒரு நல்ல குணம் இருந்துச்சு. நிலத்தடி நீர் தானா கசிஞ்சு வர்ற அளவுக்கு மேல அதால எடுக்கவே முடியாது. வரம்பு அந்த டிசைனுக்குள்ளயே இருந்தது. 20-ஆம் நூற்றாண்டுல டீசல் பம்ப்பும் மின்சார மோட்டாரும் வந்தப்போ அந்த வரம்பு போயிடுச்சு. ஆழமா போர் போட்டவருக்குத் தண்ணி கிடைச்சுது. நீர்மட்டம் தாய்க்கிணத்துக்குக் கீழே இறங்கிச்சு. மராகேஷைச் சுத்தி இருந்த நூற்றுக்கணக்கான கெத்தாராக்கள் ஒவ்வொண்ணா வறண்டுச்சு. தூர் வார ஆளும் இல்லாமப் போச்சு. இன்னைக்கு அந்த நிலத்து மேலதான் ரிசார்ட், நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம் எல்லாம் நிக்குது.

2018-க்கு அப்புறம் மொராக்கோவுல தொடர்ச்சியா பல வருஷம் வறட்சி. 2025-ல ஆட்டு மந்தைகள் அந்த அளவுக்குக் குறைஞ்சதால, ஈத் பெருநாளுக்கு ஆடு அறுக்க வேண்டாம்னு மன்னர் ஆறாம் முகமது மக்களைக் கேட்டுக்கிட்டார். மேய்ச்சலை நம்பி வாழுற ஊர்கள்ல அந்த வார்த்தை எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2023 செப்டம்பர் 8, இரவு 11:11

ரிக்டர்ல 6.8-னு செய்திகள்ல வந்த அந்தப் பூகம்பம் உலகத்துக்கு ‘மராகேஷ் பூகம்பம்’. குதுபிய்யா கோபுரம் அசைஞ்சு புழுதி கிளம்புற வீடியோதான் முதல்ல எல்லா இடத்துலயும் ஓடுச்சு. ஆனா மையம் மராகேஷ்ல இல்ல, தென்மேற்கே 70 கிலோமீட்டருக்கும் மேல, மலையில. இறந்தவங்க 2,900-க்கும் மேல. அதுல பாதிக்கு மேல அல் ஹவூஸ் மாகாணத்துல, அடுத்து தாரூதான்த் மாகாணத்துல. மராகேஷ் நகரத்துக்குள்ள இறந்தவங்க அதுல ரொம்பச் சின்னப் பங்கு.

மலைக் கிராமங்கள்ல மண்ணும் கல்லுமா கட்டின வீடுகள். கோடையில குளுமை, குளிர்ல கதகதப்பு, ஆனா அந்த ராத்திரி தூங்கிட்டு இருந்தவங்க மேல அப்படியே இறங்கிச்சு. பாறை விழுந்து சாலைகள் அடைச்சுப்போச்சு. பல ஊர்களுக்கு உதவி கழுதையிலயும் ஹெலிகாப்டர்லயும் போச்சு. அல்மொஹாத் ராஜ்ஜியம் பிறந்த தின்மல் பள்ளிவாசல், மறுசீரமைப்பு நடந்துட்டு இருக்கும்போதே, பெரும்பகுதி இடிஞ்சு விழுந்துச்சு.

இப்போ இதைக் கவனிங்க. ஒரு மாசம் கழிச்சு, அக்டோபர் 9-ல, உலக வங்கியும் ஐ.எம்.எஃப்பும் தங்களோட வருடாந்திரக் கூட்டத்தைத் திட்டமிட்டபடியே மராகேஷ்ல நடத்தினாங்க. 1973 நைரோபிக்கு அப்புறம் ஆப்பிரிக்காவுல நடந்த முதல் கூட்டம். நகரம் தயாரா இருந்துச்சு. டூரிஸ்ட்டும் திரும்பி வந்தாங்க. அது நல்ல விஷயம்தான், ஏன்னா மலையில இருக்குற பல குடும்பங்களுக்கு நகரத்து ஹோட்டல் வேலையில இருந்துதான் பணம் வருது. ஆனா அதே நேரத்துல மலையில ஜனங்க கூடாரத்துல இருந்தாங்க. முழுசா இடிஞ்ச வீட்டுக்கு 1,40,000 திர்ஹம், பகுதி சேதத்துக்கு 80,000 திர்ஹம்னு அரசு அறிவிச்சுது. அப்படியும் பல குடும்பங்கள் ஒரு வருஷத்துக்கு மேல, குளிர்காலத்தையும் சேர்த்து, கூடாரத்துலயே கழிச்சாங்க.

950 வருஷமா நகரத்துக்குத் தண்ணி, மண், ராஜா, வேலையாள் எல்லாம் கொடுத்த மலை. அது இடிஞ்சப்போ செய்தியில பேரு கூட நகரத்தோடதுதான் வந்துச்சு.

போறவங்களுக்கு

மூணு நாள் பிளான் போட்டா, ரெண்டு நாள் ஊருக்குள்ள இருங்க. ஒரு நாளை வெளிய கொடுங்க.

அக்மாத் போங்க. மராகேஷுக்கு முன்னாடி இருந்த அந்த ஊர்ல அகழாய்வு செஞ்சு வெளிய எடுத்த பழைய ஹம்மாம், அதாவது பொதுக் குளியல் கட்டடம் இருக்கு. ஸ்பெயினோட செவில் நகரத்தை ஆண்ட கவிஞர் ராஜா அல் முஃதமிதை யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் சிறை பிடிச்சு அனுப்பினது இங்கதான். 1095-ல இங்கயே இறந்தார், சமாதி இருக்கு.

திங்கட்கிழமைன்னா த்னீன் ஊரிக்கா. ‘த்னீன்’னாலே அங்கத்து அரபியில திங்கள்தான், சந்தை நாள் ஊர்ப் பேராவே ஆயிடுச்சு. மலையில இருந்து வர்றவங்க வாங்குறதும் விக்கிறதும் பார்க்கலாம்.

நேரம் இருந்தா தின்மல் வரைக்கும் போங்க. பள்ளிவாசலைத் திரும்ப எழுப்புற வேலை தொடங்கியிருக்கு. போற வழியில டீயும் சாப்பாடும் அந்தக் கிராமத்துலயே வாங்குங்க, வழிகாட்டி வேணும்னா அந்தப் பள்ளத்தாக்கு ஆளையே கூப்பிடுங்க. இடிஞ்ச வீடுகளைப் படம் எடுக்குறதுக்கு முன்னாடி, அங்க ஆள் இருக்காங்களானு பார்த்து, கேட்டுட்டு எடுங்க.

திரும்பி வந்து ஜெமா எல் ஃப்னாவுல உட்கார்ந்தீங்கன்னா, தெற்கே மலை தெரியுற நாளா இருந்தா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கமும் பாருங்க.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. நீங்க போன ஊர்கள்ல, தண்ணி எங்க இருந்து வருதுன்னு தேடிப் பார்த்த அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.